பிள்ளையார் சுழிக்கு ஒரு குழி

மேற்கே மலை, கிழக்கே மணல், நடுவில் ஒரே ஓர் ஆறு. அந்த ஆற்றை நம்பி முப்பத்தாறு ஊர்கள். இவ்வளவுதான் அந்த நாடு. முப்பத்தாறு நாளைக்கு ஒரு நாள் ஒவ்வோர் ஊருக்கும் அணையிலிருந்து தண்ணீர் வரும். அதற்கு முறை என்று பெயர். மடை திறக்கிற அதிகாரிகள் வேண்டியவனுக்கு அரை நாள் கூட்டியும் வேண்டாதவனுக்கு அரை நாள் குறைத்தும் விடுவதாகப் புகார் எழுந்தது. அரசர் விசாரித்தார். அதிகாரிகள் தப்புச் செய்வது உண்மைதான் என்று தெரிந்தது. உடனே முறையை ஒழித்துவிட்டார்.

பதினேழாம் ஊரில் சடையாண்டி என்று ஒரு மாட்டுத் தரகர். அவர் வயலில் நெல் அப்போதுதான் பால் பிடிக்கத் தொடங்கியிருந்தது. பன்னிரண்டு நாளுக்குள் ஒரே ஒரு தண்ணீர் பாய்ந்தால் மணி முற்றும். பாயாவிட்டால் பதர். வருசத்துச் சோறு அதில்தான் இருந்தது.

சந்தைத் திடலில் ஒரு சக்கரத்தைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கிண்ணம் மாதிரிக் குழிந்த பெரிய சக்கரம். சுற்றிலும் முப்பத்தேழு குழிகள். பதினெட்டு சிவப்பு, பதினெட்டு கறுப்பு, ஒன்று மட்டும் பச்சை. சிவப்புக்கும் கறுப்புக்கும் ஒன்றிலிருந்து முப்பத்தாறு வரை எண், பச்சைக்குப் பூச்சியம்; ஓலை வைக்க அதே எண்களைக் கட்டம் போட்ட பலகை பக்கத்தில். கூட்டம் மரத்தின் மேலெல்லாம் ஏறி நின்றது. சுழற்சித்துறை அமைச்சர் தண்ணளியார் தொண்டையைச் செருமினார்.

"பெருங்குடி மக்களே, இனி உங்கள் தண்ணீரை எந்த அதிகாரியும் தீர்மானிக்க மாட்டார். இந்தத் தந்தக் குண்டு தீர்மானிக்கும். கடல் கடந்த தேசத்தில் ஒரு கணக்குப் புலவர், தள்ளாமலே என்றைக்கும் சுற்றுகிற சக்கரம் செய்யப் போனாராம். அது நின்றுபோயிற்று. எங்கே நிற்கும் என்று தெரியாததுதான் அதன் அருமை என்பதை மன்னர்கள் கண்டுகொண்டார்கள். ஊருக்கு மூன்று ஓலை தருகிறோம். ஓர் ஓலை ஒரு நாள் தண்ணீர். நாலு நாளைக்கு ஒரு சுற்று, சுற்றுக்கு ஓர் ஓலை. சக்கரத்தில் வைக்காத ஓலை செல்லாது. ஒரே எண்ணில் வைத்து அது விழுந்தால் ஒன்றுக்கு முப்பத்தைந்து. இரண்டு எண்ணுக்கு நடுவில் வைத்தால் பதினேழு. நாலு எண் கூடுகிற மூலையில் எட்டு. பன்னிரண்டு எண் அடங்கிய கட்டத்தில் இரண்டு. சிவப்பு, கறுப்பு, ஒற்றை, இரட்டை என்று வைத்தால் ஒன்றுக்கு ஒன்று. வைத்த ஓலையும் திரும்பி வரும்."

கைதட்டல் திடலைத் தூக்கியது. சடையாண்டி மட்டும் விரல் மடக்கிக்கொண்டிருந்தார். பல்லைப் பிடித்துப் பார்க்காமல் ஒரு கன்றைக்கூட அவர் நம்பியதில்லை.

"ஐயா, ஒரு சந்தேகம். குழிக்கு ஒண்ணா முப்பத்தேழு ஓலை வெச்சா, எது விழுந்தாலும் கைக்கு வர்றது முப்பத்தஞ்சும் வெச்ச ஒண்ணும், ஆக முப்பத்தாறு. மிச்ச ஒண்ணு எங்க போகுது?"

"எந்த மிச்சம்?"

"தரகுங்க. நாப்பது வருசமா நானும் அதைத்தானே திங்கிறேன். தரகு சொல்லாத சந்தையிலதான் தரகு பெருசு. அந்தப் பச்சைக் குழி யாருது?"

அமைச்சர் கோபப்படவில்லை. கண்ணை மூடிக் கைகூப்பினார். "பெரியவரே, எதை எழுதினாலும் முதலில் என்ன போடுகிறோம்? அது எண் அல்ல. அது சுழி. பிள்ளையார் சுழி."

திடல் முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. யாரோ தேங்காய் உடைத்தார்கள். ஊர் ஓலையை வைத்திருந்த மாயழகு, சடையாண்டியின் வேட்டியைப் பிடித்து இழுத்தான்.

"உக்காருண்ணே. சாமிகிட்டப் போயி பல்லைப் பிடிச்சுப் பாக்குற."

முதல் சுற்று. எல்லா ஊரும் தன் தன் எண்ணிலேயே ஓலையை வைத்தன. அடுத்த ஊர் எண்ணில் வைக்க எவனுக்கும் மானம் இடம் கொடுக்கவில்லை. சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, குண்டு எதிர்ப்பக்கம் ஓடியது. ஆயிரம் பேர் மூச்சுவிட மறந்தார்கள். குண்டு தளர்ந்து, துள்ளி, நாலில் விழுந்தது. நாலாம் ஊர்க்காரர்கள் மண்ணில் புரண்டார்கள். வென்ற தண்ணீரைச் சேமித்து வைப்பது ராஜதுரோகம் என்பதால் முப்பத்தாறு நாள் தண்ணீரையும் ஒரே மூச்சில் திறந்துவிட்டார்கள். நாலாம் ஊர் நெல் கழுத்துவரை மூழ்கி அழுகியது. அதைப் பார்த்த மற்ற ஊர்களுக்கெல்லாம் நாக்கில் எச்சில் ஊறியது.

"நாலு கறுப்பு. நம்ம பதினேழும் கறுப்பு. இது கறுப்போட நேரம்ணே" என்றான் மாயழகு.

"குண்டுக்கு நேத்து விழுந்த இடம் ஞாபகம் இருக்குமாடா?"

இரண்டாம் சுற்றில் குண்டு பச்சையில் விழுந்தது. முப்பத்தாறு ஓலையும் பிள்ளையார் பெயரால் அரண்மனைத் தாமரைக் குளத்துக்குப் போயின. ஜனங்கள் முணுமுணுத்தார்கள். மறுநாளே ஆணை வந்தது. ஒரே சுழி என்பது ஏகபோகம், ஆகவே இனி இரண்டு சுழி, ஒன்று அரசருக்கு, ஒன்று எதிர்க்கட்சிக்கு. எதிர்க்கட்சித் தலைவர் கண்ணீர் மல்க ஏற்றுக்கொண்டார். கொடுப்பது மட்டும் அதே முப்பத்தைந்து.

அதற்கடுத்த நாள் தேர்தல். சக்கரத்தை வலமாகச் சுற்றுவதா, இடமாகச் சுற்றுவதா என்று மக்களே முடிவு செய்யலாம். வலஞ்சுழிக் கட்சியும் இடஞ்சுழிக் கட்சியும் தெருத்தெருவாக மோதின. ஏழு மண்டைகள் உடைந்தன. இடஞ்சுழி வென்றது. பட்டாசு வெடித்தது.

சடையாண்டியின் மனைவி இருளாயி ஒரு கதிரைப் பிய்த்து வந்து அவர் முன்னால் கசக்கினாள். "பால் சுண்டுது. எந்தப் பக்கம் சுத்துனா என்னய்யா, தண்ணி எந்தப் பக்கம் வரும்?"

அவர் எழுந்தார். வீடு வீடாகப் போய்க் கத்தினார், வைதார், கெஞ்சினார். மறுநாள் முந்நூறு பேர் அவர் பின்னால் அரண்மனைக்கு நடந்தார்கள். பறை அதிர்ந்தது. வழியெல்லாம் ஒரே முழக்கம்: சுழியை மூடு, சுழியை மூடு. கிழவருக்கே உடம்பு சிலிர்த்தது. ஜெயித்துவிடுவோம் என்று முதல் தடவையாக நம்பினார்.

அமைச்சர் வாசலுக்கே வந்தார். "கோரிக்கை என்ன?"

"பச்சைக் குழி ரெண்டையும் அடைங்க. முப்பத்தாறு ஊரு, முப்பத்தாறு குழி. அம்புட்டுத்தான்."

அமைச்சர் கூட்டத்தை நிதானமாகப் பார்த்தார். "புரிகிறது. அரசருக்கு ஒரு சுழி இருக்கிறது. எதிர்க்கட்சிக்கும் ஒன்று இருக்கிறது. வீரம் விளைந்த பதினேழாம் ஊருக்கு இல்லையே என்ற உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது."

"அட, நான் அதைச் சொல்லலைங்க" என்று சடையாண்டி வாயெடுப்பதற்குள், பின்னாலிருந்து மாயழகின் குரல் தழுதழுத்து வந்தது.

"ஆமாங்கய்யா. எங்க ஊருக்குன்னு ஒரு சுழி வேணும்."

பறை மறுபடி அதிர்ந்தது. முந்நூறு தொண்டையும் சுழி வேண்டும் என்றன. மூடு என்ற ஒற்றைக் குரல் கிழவரின் காதுக்கே கேட்கவில்லை. அங்கேயே ஆணை எழுதினார்கள். மூன்றாவது பச்சைக் குழி. அதில் விழுகிற ஓலைகள் பதினேழாம் ஊரின் பெயரால் அரண்மனைக் குளத்துக்குச் சேரும். குளத்தங்கரைக் கல்லில் ஊர்ப் பெயர் வெட்டப்படும்.

பன்னிரண்டாம் நாள், மூன்றாம் சுற்று. கடைசி ஓலையைச் சடையாண்டியே பதினேழில் வைத்தார். இப்போது முப்பத்தொன்பது குழிகள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு அடித்துக்கொண்டது. குண்டு ஓடியது. தளர்ந்தது. பதினேழின் விளிம்பில் ஏறியது. "விழு, விழு" என்று அவர் வாய் தானாக முனகியது. குண்டு ஒரு துள்ளுத் துள்ளிப் பக்கத்திலிருந்த புதுப் பச்சைக் குழிக்குள் இறங்கி உட்கார்ந்தது.

மாயழகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"நம்ம சுழிடா" என்று மாயழகு அலறினான். "நம்ம ஊர்ச் சுழி விழுந்துருச்சு."

பதினேழாம் ஊர் துள்ளிக் குதித்தது. சடையாண்டியைத் தோளில் தூக்கினார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து அவர் வயலை அவர் பார்த்ததே இல்லை. வெள்ளை வெளேரென்று நின்றது.

"இறக்குங்கடா. பயிரு போச்சுடா" என்றார்.

"கொஞ்சம் சிரிண்ணே" என்றான் மாயழகு கீழேயிருந்து. "மத்த ஊர்க்காரன் எல்லாம் பாக்குறான்."

மற்ற ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அமைச்சரின் மேசை முன்னால் முப்பத்தைந்து ஊரும் மனுவோடு முண்டியடித்தன. எங்கள் ஊருக்கு மட்டும் ஏன் இல்லை என்று ஆளாளுக்குச் சண்டை. எழுத்தர் எழுந்து நின்று கையமர்த்தினார்.

"தள்ளாதீர்கள். வரிசையில் வாருங்கள். ஒருவரையும் விடமாட்டோம். எல்லாருக்கும் குழி உண்டு."