இரண்டாயிரம் ஓட்டைகள்

பட்டறையிலிருந்து வந்த அட்டைக் கட்டைப் பிரித்த ஓவியர் முதல் அட்டையை எடுத்து நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். எதுவும் தெரியவில்லை. கண்ணை மாற்றி மூடிப் பார்த்தார். அப்போதும் தெரியவில்லை.

அட்டையில் ஓட்டை இல்லை.

அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்த இருபதிலும் இல்லை.

"என்னங்க, கண்ணுல தூசி விழுந்துடுச்சா?" என்று சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள் மனைவி.

தூசி எதுவும் விழவில்லை. தலையில் இடிதான் விழுந்திருந்தது.

ஓவியர்களுக்கு ஒரு பழைய தொல்லை உண்டு. வெளியே போய் உட்கார்ந்தால் மரம், சுவர், மேகம், மின்கம்பம் என்று எல்லாம் ஒன்றாகக் கண்ணெதிரே வந்து நிற்கும். எதை வரைவது, எதை விடுவது என்று தீர்மானிப்பதற்குள் வெயில் போய்விடும். அதற்கு இவர் கண்டுபிடித்த மருந்துதான் காட்சி அட்டை. கெட்டியான அட்டை, நடுவில் நீள்சதுரமாக ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் தெரிவதை மட்டும் வரைந்தால் போதும். இதற்கு ஏழு மாதம் ஆனது. அதில் ஆறு மாதம், ஓட்டை சரியாக எந்த இடத்தில் வர வேண்டும் என்ற ஆராய்ச்சியில் போனது. கடைசியில் நடுவில் என்று முடிவானது.

மனைவியின் அண்ணன் குழாய்க் கிடங்கு வைத்திருந்தார். தங்கை வீட்டுக்காரர் நாற்பத்தாறு வயதில் தூரிகையும் கையுமாகச் சன்னலோரம் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. கிடங்கில் ஒரு குமாஸ்தா நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்தார். சனிக்கிழமை ஓவியக் கல்லூரி முதல்வர் அட்டையை ஏற்றுக்கொண்டால் அந்த நாற்காலி வேண்டாம், இல்லாவிட்டால் திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அதில் வந்து உட்கார வேண்டும் என்பது ஒப்பந்தம். மச்சான் சொன்ன சொல் மாறாதவர். அதுதான் பயமே.

இன்று வியாழக்கிழமை.

ஓவியர் அட்டை வெட்டும் பட்டறைக்கு ஓடினார். பட்டறைக்காரர் பதறவில்லை. ஓவியர் கொடுத்த வரைபடத்தையே எடுத்து மேசைமேல் வைத்தார். நடுவிலிருந்த ஓட்டைக்கு இடப்பக்கம் வெளிச்சமும் வலப்பக்கம் மெல்லிய நிழலுமாக மூன்று நாள் உட்கார்ந்து வரைந்திருந்தார் ஓவியர். சுற்றியிருந்த சட்டத்துக்கு வெறும் கோடுதான்.

"நடுவுல இருக்கறத இவ்வளவு அழகா வரைஞ்சிருந்தீங்க. ஓரம் சும்மா கெடந்துச்சு. இருபது வருஷமா நடுவுல இருக்கறதத்தான் கட்டிக் குடுக்கறேன், ஓரம் கழிவு. ஓட்டைக்கு நெழல் போட்டு வரையற ஆள இப்பத்தான் பாக்கறேன்" என்றார்.

அந்த நேரத்திலும் தன் நிழலை ஒருவர் பாராட்டியதில் ஓவியருக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

ஓட்டையுள்ள சட்டங்கள் கழிவோடு கழிவாகக் காலையிலேயே பழைய காகிதக் கடைக்குப் போய்விட்டனவாம். அங்கே ஓடினார். கடைக்காரர், இயந்திரத்தில் அழுத்திக் கம்பி கட்டிய, மேசை உயரத்துப் பொதி ஒன்றைக் காட்டி, தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஓவியர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். ஒரு மூலை வந்தது. அந்த மூலையில் ஓட்டை இல்லை.

தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? மறுபடி பட்டறைக்கு வந்து, கையில் இருக்கும் அட்டைகளிலேயே ஓட்டை போடச் சொன்னார். அவையோ உள்ளங்கை அளவு. அதற்குள் அடங்கும் வெட்டு அச்சு பட்டறையில் ஒன்றே ஒன்று இருந்தது. அது வட்டம். ஓவியர் வேண்டாம் என்று கத்தியது இயந்திரச் சத்தத்தில் கேட்பதற்குள், முந்நூறு அட்டைகளின் தலைமாட்டில் பட்டாணி அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது.

சாயங்காலம் வந்த மச்சான் அதில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "மாப்பிள்ளை, மொத தடவையா உருப்படியா ஒண்ணு பண்ணியிருக்கீங்க. வெலை எழுதி, கயிறு கோத்துக் குழாய்ல தொங்கவிடலாம்" என்று சொல்லி முந்நூறையும் அள்ளிக்கொண்டு போனார். மிச்சம் ஆயிரத்து எழுநூறு. ஒன்றில்கூட ஓட்டை இல்லை.

வெள்ளிக்கிழமை, மறுநாள் சந்திப்பைத் தள்ளிப்போடலாம் என்று முதல்வருக்குப் போன் செய்தார். முதல்வர் தான் பேசும்போது பிறர் பேச விடாதவர், எப்போதும் பேசிக்கொண்டிருப்பவர். அட்டையின் பெருமையைச் சொல்லி எல்லா ஆசிரியர்களையும் வரச் சொல்லிவிட்டாராம். ஓவியர் பதினோரு முறை "ஆனா" என்றார். பன்னிரண்டாவது முறை சொல்வதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. ஒருவரிடம் சொல்ல வேண்டியதை இனி முப்பது பேரிடம் சொல்ல வேண்டும்.

"ஓட்டை வரலன்னு உண்மையச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி. ஓவியரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

சனிக்கிழமை மச்சான் தன் வண்டியையே அனுப்பியிருந்தார். டிரைவர் கட்டுகளைக் கொண்டுபோய் மேடையில் வைத்துவிட்டு, பின்சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார். முதல்வர் ஒரு அட்டையை எடுத்து நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடினார்.

"ஒண்ணும் தெரியலையே?"

உண்மையைச் சொல்ல ஓவியர் வாயைத் திறந்தார். குமாஸ்தா நாற்காலி கண்முன் வந்து நின்றது.

"தெரியக் கூடாதுங்க. ஓட்டை வழியா பாத்தா உலகத்துல ஒரு துண்டுதான் கெடைக்கும். இத வச்சு வேண்டாதத மறைச்சுடுங்க. மிச்சம் இருக்கறதுதான் ஓவியம்."

தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரியவில்லை. நல்லவேளையாக மற்றவர்களுக்கும் புரியவில்லை. கலையைப் பற்றிய பேச்சில் புரியவில்லை என்று ஒப்புக்கொள்ள அங்கே யாரும் தயாராக இல்லை. ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு இளம் ஆசிரியை அட்டையால் முதல்வரின் முகத்தை மறைத்துப் பார்த்து, காட்சி இப்போது எவ்வளவோ தேவலை என்றாள். முதல்வர் பெருமையாகத் தலையாட்டினார்.

மூத்த ஆசிரியர் எழுந்து, ஓட்டை போட்ட அட்டையாக இருந்தால் எதிர்த்திருப்பேன் என்றார். முதல் வருடப் பிள்ளைகளே பழைய நோட்டு அட்டையில் அதை வெட்டிக்கொள்கிறார்களாம். ஏழு மாத உழைப்பு ஓவியரின் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் சிரித்து வைத்தார்.

ஆயிரத்து எழுநூறும் அங்கேயே விலைபோயின. அடுத்த வருடம் பாடத்திலும் சேர்ப்பதாக முதல்வர் அறிவித்தார்.

வண்டிக்கு நடந்த ஓவியருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏறி உட்கார்ந்து, பிழைத்தோம் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார். திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குச் சன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீட்டுச் சுவரை வரையப் போகிறார். அந்தச் சுவரில் அந்நேரம் நல்ல வெயில் இருக்கும்.

வெளியே நின்று போனில் பேசிக்கொண்டிருந்த டிரைவர், பேசி முடித்து வந்து கதவைச் சாத்தினார்.

"நடந்தத ஒண்ணு விடாம முதலாளிகிட்டச் சொல்லிட்டேன் சார். சொன்ன வாக்க மாத்த மாட்டாராம், குமாஸ்தா நாற்காலி உங்களுக்கு வேண்டாமாம்."

ஓவியர் புன்னகைத்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

"கிடங்குல நாலாயிரம் ஓட்டைக் குழாய் விக்காம கெடக்கு சார். ஓட்டை இல்லாத அட்டையவே வித்தவரு இத விக்க மாட்டாரான்னு, திங்கக்கிழமையிலேருந்து உங்கள மேனேஜராப் போட்டுட்டாரு."