கீழ்ப்பாதி பேட்டரி

எமதர்மராஜன் எருமையில் வந்து நின்றாலும், "எத்தினி வாட்டு இழுக்கும்? எவ்ளோ நேரம் ஓடணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறி உட்கார்ந்திருப்பார் எங்கள் ஆம்பியர். ஆரணியில் பேட்டரி கடை வைத்திருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த வருஷங்கள் அவை. தறிக்கு மேலே வெளிச்சம் வேண்டி அவரிடம் போனேன்.

"பெரிய பேட்டரியா ஒண்ணு குடுங்கண்ணே."

"பெரிசுன்னா? ஊட்ல இன்னா இன்னா ஓடும்?"

"லைட்டு, ஃபேனு, மிக்சி..."

"சட்னிக்கெல்லாம் பேட்டரி குடுக்க மாட்டேன். அம்மில அரைக்கச் சொல்லு."

பிறகு கணக்கு சொன்னார். பன்னிரண்டு வோல்ட், நூறு ஆம்பியர். பெருக்கினால் ஆயிரத்து இருநூறு. அதில் கீழ்ப்பாதியைத் தொட்டால் பேட்டரிக்கு ஆயுசு குறையும். மீதியிலும் இன்வெர்ட்டர் கொஞ்சம் தின்னும். கையில் நிற்பது ஐந்நூறு.

"இருநூத்தம்பது வாட்டு போட்டா ரெண்டு மணி நேரம். அதுக்கு மேல ஆசப்படாத. கீழ்ப்பாதி நம்முளுது இல்ல."

கல்யாண வீட்டுக்கு பேட்டரி கொடுத்தால் கூடவே வருவார். மாப்பிள்ளை தலைக்கு மேல் சுற்றும் ஃபேனை நிறுத்திவிட்டு, "தாலி கட்ற வரிக்கும்தான் வேர்க்கும், அப்பால பழகிடும்" என்பார்.

ஓர் ஆடி மாதம் என் மனைவி காலில் மாவுக்கட்டோடு கிடந்தாள். கோயிலுக்குப் போக வழியில்லை. அலங்காரத்தோடு அம்மனை ஒருமுறை கண்ணாரப் பார்த்தால் எழுந்து நடந்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எங்கள் வீடோ தெருக்கோடி. ஊர்வலத்தில் அம்மன் கடைசியாக வரும் வாசல்.

சப்பர விளக்குகளுக்கு ஆம்பியர் தன் புது பேட்டரியைக் கொடுத்தார். முன்கூட்டியே தெருவை நடந்து பார்த்து, "தாராளமா வரும்" என்றார். ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். புதுப் பாவு ஏற்றப்போகும் தறி வீடுகளில், பட்டு நூலை அம்மன் பாதத்தில் வைத்து வாங்குவது வழக்கம். அந்த வருஷம் பார்த்து வாசலுக்கு வாசல் நூல் தட்டு!

"ஜல்தி எடும்மா தட்ட! அம்மன் பாத்துட்டாங்க!" என்று கத்தினார். இரண்டு வீடுகளுக்கு நடுவே விளக்கை அணைத்தார். அம்மன் இருட்டில் நகர்ந்தாள்.

"யோவ், சாமிக்கே கரண்ட் கட்டா?" என்றார் பூசாரி.

"சாமிக்குக் கண்ணு தெரியும். லைட்டு நமக்குத்தான்!"

எங்கள் வீட்டுக்குச் சற்று முன்னால் கையைத் தூக்கிவிட்டார். "பாதி வந்துட்ச்சி. இனிமே கற்பூரம்தான்."

"அண்ணே, எங்க வூட்டுக்காரி காலைல இருந்து காத்துகினு இருக்கா..."

என் வாசலைப் பார்த்தார். நாற்காலியில் அவள், அம்மன் வருவதற்கு முன்பே கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். பேட்டரியைப் பார்த்தார். எல்லா சுவிட்சையும் போட்டார்.

அம்மன் எங்கள் வாசலில் ஜொலித்துக்கொண்டு நின்றாள். இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்ததும், தோள் துண்டை எடுத்து அதன் மேல் போட்டு அமுக்கிக்கொண்டார். ஒருமுறைகூட ஜல்தி என்று சொல்லவில்லை.

ஆவணியில் கட்டுப் பிரித்து அவள் நடந்தாள். தாயின் கருணை. அந்த பேட்டரிக்குத்தான் பழைய தெம்பு திரும்பவே இல்லை. காயலான் கடைக்குப் போடாமல், பொட்டு வைத்துக் கடையிலேயே வைத்துக்கொண்டார். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் என் மனைவி அதற்குப் பூ கொண்டுபோவாள்.

"எவ்ளோ நேரம் தாங்கும்?" என்று கேட்டுத்தான் வாங்குவார்.

அவர் காலமான பிறகு வந்த ஆயுத பூஜைக்கும் போனாள். கடையில் இருந்த மகன் ஒன்றும் கேட்காமல் பூவை வாங்கிக்கொண்டான். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, "சாயங்காலம் வரிக்கும் தாங்கும்பா" என்று அவளாகவே சொல்லிவிட்டு வந்தாள்.