தேயிலையை மறைத்த மாஸ்க்கர்

ஹட்டன் டவுனில் ரொட்டிக்கு எல்லை போட்டுச் சாப்பிட்ட ஒரே மனிதர் எங்கள் மாஸ்க்கர்தான். சத்தியமாகச் சொல்கிறேன், இன்னொரு ஆள் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் மீசையை எடுத்துவிடுகிறேன்.

தேத்தண்ணிக் கடையில் ரொட்டி வந்ததும் அதன்மேல் கிளாஸைக் கவிழ்த்து ஓர் அமுக்கு. வட்டத்துக்குள் இருப்பதை மட்டும் சாப்பிடுவார். "மிச்சம் என்னாங்க சார் பண்றது?" என்று கடைக்காரர் கேட்டால், "அது என்ர ஆய்வுப் பரப்புக்குள்ள இல்லை" என்பார். முதல் நாள் பிளந்த கடைக்காரரின் வாய் ஒரு வாரம் மூடவில்லை.

ஆள் யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் ஒரே அலுவலகத்தில் உட்கார்ந்து தோட்டங்களுக்குக் கம்ப்யூட்டரில் படம் போட்டோம். மலை முழுவதையும் குட்டிக் குட்டிக் கட்டங்களாகப் பிரிப்போம். வேண்டிய இடத்தைச் சுற்றிக் கோடு இழுத்து மூடினால் அது பொலிகன். உள்ளே விழுந்த கட்டங்கள் நிற்கும். வெளியே விழுந்தவை வெள்ளையாகிவிடும். இந்த மறைப்புக்குப் பெயர் மாஸ்க். மனிதர் வாயைத் திறந்தால் அதே பேச்சு என்பதால் அவருடைய சொந்தப் பெயர் எங்களுக்கு மறந்தே போயிற்று.

வெள்ளைக் கட்டத்தைப் பார்த்து யாராவது 'சைபர்' என்று சொன்னால் தொலைந்தார்கள். "சைபர் எண்டால் அளந்து பாத்தாச்சு, ஒண்டுமில்லை எண்டு அர்த்தம். வெள்ளை எண்டால் ஒருத்தரும் பாக்கவேயில்லை எண்டு அர்த்தம், ஐசே!"

ஒரு நாள் வரவு இடாப்பில் எங்கள் அலுவலகத் தலைவர் பெரிய ஐயாவின் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டார். "நான் லீவு போட்டேனா?" என்று பெரிய ஐயா குதித்தார். "தெரியாது சேர். நான் உங்களைப் பாக்கேல்லை" என்றார் மாஸ்க்கர், வெகு மரியாதையாக. பெரிய ஐயா கதிரையில் விழுந்து தண்ணீர் கேட்டார்.

இந்த லட்சணத்தில்தான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்று, மண் சரியக்கூடிய இடங்களைக் காட்டி ஒரு படம் கேட்டது. மழைக்கு முன் படம் வர வேண்டும்; ஆபத்து என்று சிவப்பு விழுந்த இடத்தில் தோட்டத்தை நடத்தும் துரை உடனே நடவடிக்கை எடுப்பார். என் அக்கா குடும்பம் அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், மேல் லயத்தில்தான் இருந்தது. "பின்சொவத்துல வெடிப்பு விட்டிருச்சுடா தம்பி, கையே உள்ள போகுது" என்று அக்கா அழுதிருந்தாள். "பயப்படாத, படம் நான்தான் போடுறேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தேன்.

தோட்டம் கொடுத்த பழைய படத்தை வைத்து இரண்டு கிழமை பொலிகன் இழுத்தேன். ஒவ்வொரு தேயிலை மலைக்கும் ஒரு நம்பர். ஒரு நம்பரையும் விடவில்லை. மாஸ்க் போட்டதும் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகப் படம் ஜொலித்தது. நடுநடுவே சில வெள்ளை ஓட்டைகள்.

மாஸ்க்கர் மூக்கு ஸ்கிரீனில் இடிக்கக் குனிந்தார். "இந்த ஓட்டையில என்ன இருக்கு?"

"அங்க ஒண்ணுமில்லீங்க சார். லயம்தான்."

"லயத்துக்குள்ள ஆர் இருக்கினம்?"

லயத்திலேயே பிறந்து, பீலித் தண்ணியில் குளித்து வளர்ந்தவன் நான்! நம்பர் இல்லாத இடமெல்லாம் இடமே இல்லை என்று, பெற்ற தாய்க்குப் பிறகு எனக்கென்று இருந்த ஒரே அக்காவை என் கையாலேயே வெட்டி வெளியே போட்டிருக்கிறேன்.

"எங்க அக்கா சார்" என்றேன்.

மாஸ்க்கர் ஏசவில்லை. எனக்கு அதுதான் இன்னும் பெரிய அதிர்ச்சி. கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "சரிவுக் கணக்கு அங்கயும் போட்டுத்தான் கிடக்கு, நாங்கள்தான் மறைச்சுப்போட்டம். ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு புள்ளி வையும். புள்ளியைச் சுத்தி நாலு கட்டம் மட்டும் நிக்கட்டும்."

"அப்ப தேயிலை?"

"அது மறையும்."

துரை படம் பார்க்க வந்தார். மலை முழுக்க வெள்ளை. அங்கங்கே சில நிறத் துண்டுகள். மேல் லயம் ரத்தச் சிவப்பு. துரை துள்ளி எழும்பினார். "அய்யோ! தே கோ?" என்றார். தேயிலையைக் காணவில்லை என்ற பதற்றத்தில் அவருக்குச் சிங்களம்தான் வந்தது. பெரிய ஐயா மேசைக்கடியில் ஒளிய இடம் தேடினார்.

"தேயிலை பிள்ளைகுட்டியோட வீட்டுக்குள்ள இருக்கிறேல்லை சேர்" என்றார் மாஸ்க்கர். "இருக்கிற ஆக்களை ஒருக்காப் பாருங்கோ."

துரை மெல்ல உட்கார்ந்து பார்த்தார். அந்தக் கிழமையே மேல் லயத்துச் சனம் முழுவதையும் கீழே பழைய ஸ்டோருக்கு மாற்றினார்கள். தகரம் ஒழுகுது, அடுப்புப் புகையுது என்று அக்கா என்னைத் திட்டித் தீர்த்தாள்.

பத்தாவது நாள் மத்தியானம் மலை இறங்கியது. லயம் இருந்த இடத்தில் சேறும் கல்லும் மட்டுமே கிடந்தன. தோட்டத்து ஆபீஸிலிருந்து அக்கா பேசினாள். "எல்லாரும் இருக்கோம்டா" என்றாள்.

போனை வைத்துவிட்டு ஓடிப்போய் மாஸ்க்கரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்தக் கைக்குள் மவுஸ் இருந்தது. மனிதர் கூச்சத்தில் நெளிந்தார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"விடும் ஐசே, விடும். பொலிகன் இன்னும் மூடேல்லை" என்றார்.

நான் விடவில்லை.