பெக்கோ வாளியில் ஓர் ஓய்வூதியர்

இயந்திரத்தைக் கொண்டு ஒரு வளவைத் துப்புரவாக்குமுன், பொறுப்பானவர் அதன் நான்கு எல்லைகளையும் காலால் நடந்து பார்க்கவேண்டும். இது விதி. சட்டப்புத்தகம் எதிலும் தேடவேண்டாம், கிடைக்காது. நான் அரச சேவையில் இருந்தபோது ஒரு சுற்றறிக்கையில் நானே எழுதியது. கீழே கையொப்பமும் என்னுடையதுதான். அந்த விதியை மீறிய உத்தியோகத்தர்களிடம் விளக்கம் கோரிய கடிதங்களிலும் அதே கையொப்பம்தான் இருக்கிறது.

என் சொந்த வளவுக்கு வந்தபோது நான் மூன்று எல்லைகளை நடந்தேன். நான்காவது எல்லை வாவி. அதற்கும் எனக்கும் நடுவே ஆளுயரத்துக்கு நாயுண்ணியும் ஈச்சையும் காரையும் பின்னிக் கிடந்தன. அந்தப் பக்கத்தைப் ‘பார்வையிடப்பட்டது’ என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து தேநீர் குடித்தேன். (அரச சேவையில் இதற்குப் பெயர் கள ஆய்வு.)

எங்கள் வீடு வவுணதீவுப் பக்கம், வாவிக்கரையில். இடமாற்றம் இடமாற்றமாக ஊர் ஊராகத் திரிந்து, ஓய்வுபெற்ற பிறகுதான் அதில் ஒழுங்காகக் குடியிருக்கத் தொடங்கினோம். முன்வளவை என் மனைவி பவளம் பார்த்துக்கொள்வது, பின்வளவை நான் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், யன்னலால். அது வளர்ந்தது.

புரட்டாசியில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். மழைக்கு முன் டெங்கு நுளம்புக்கு இடம்கொடுக்கும் பற்றைகளை வெட்டச்சொல்லி வீடுவீடாக அறிவித்தல் கொடுத்துக்கொண்டு வந்தவர். வயது குறைந்தவர், சிரித்த முகம். இரண்டு கிழமையில் திரும்பி வருவதாகவும், வளவு இப்படியே கிடந்தால் நீதிமன்றத்துக்குப் போகவேண்டி வரும் என்றும் மிகவும் மரியாதையாகச் சொன்னார். அந்த அறிவித்தலின் வாசகம் எனக்கு மனப்பாடம். எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறேன். அவர்கள் கூண்டில் நின்று தலைகுனிவதை முன் வாங்கில் இருந்து பார்த்திருக்கிறேன். இப்போது நான் அங்கே நின்றால் ஒருவர் மிச்சமில்லாமல் ஊரே பார்க்க வரும். என்னிடம் அறிவித்தல் வாங்கியவர்கள் முதல் பஸ்ஸில் வந்து முன் வாங்கைப் பிடித்துவிடுவார்கள். எப்படியாவது இந்த வளவைத் துப்புரவாக்கிவிட வேண்டும்.

கத்தி பிடித்து வெட்ட ஆள் கிடைக்காத காலம் இது. ஏறாவூர் இஸ்மாயில் நானாவிடம் ஒரு குட்டிப் பெக்கோ வாடகைக்கு இருப்பதைப் பவளம்தான் விசாரித்து அறிந்தாள். வீதி வேலைகளில் நிற்கும் பெரிய பெக்கோ ஈன்ற கன்று மாதிரி இருந்தது அது. முச்சக்கர வண்டியைவிடச் சற்றுப் பெரிய உடம்பு, சங்கிலிச் சில்லு, நீண்ட கை, கையின் நுனியில் பல் வைத்த ஒரு வாளி. மேலே வெயிலுக்கு ஒரு கூரை. இஸ்மாயில் நானா ஐம்பதைக் கடந்தவர், வாய் ஓயாதவர். அந்த இயந்திரத்தை லொறியிலிருந்து இறக்கும்போது, மகளை மணவறைக்குக் கூட்டிவருகிறவர் போலப் பக்கத்தில் நடந்து வந்தார்.

நான் முதல்நாளே வளவை மூன்று வலயங்களாகப் பிரித்து, நிறப் பென்சிலால் படம் கீறி வைத்திருந்தேன். எந்த வலயம் முதலில், குப்பை எந்தத் திசையில், இயந்திரம் எங்கே திரும்பவேண்டும், எல்லாம் அதில் இருந்தன. இஸ்மாயில் நானா படத்தை வாங்கி உற்றுப் பார்த்து, “நல்ல வடிவாக் கீறியிருக்கீங்க சேர்” என்றார். பிறகு அதை நான்காக மடித்து, இருக்கைக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்த ஒரு தகட்டுக்கு முட்டுக் கொடுத்தார்.

ஆனால் அந்தக் குட்டி வேலை செய்ததை நான் வாய் பிளந்து பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஒரு ஈச்சம் புதரின் அடியில் வாளியை மெல்லச் செருகும். ஒரு கணம் ஒன்றும் நடக்காது. பிறகு நிலத்துக்குள் ஏதோ பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம். புதர் வேரோடும் மண்ணோடும் எழுந்து வரும். மூன்று பேர் ஒரு நாள் மல்லுக்கட்டும் புதர் அது. நாயுண்ணிப் பற்றையைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டியது. மத்தியானத்துக்குள், வருடக்கணக்காக நான் மறந்திருந்த கிணற்றுக்கட்டும் ஒரு மாதுளை மரமும் வெளியே வந்தன. அந்தச் சத்தத்துக்கு நடுவே நான் கையை உயர்த்தியும் தாழ்த்தியும் கட்டளைகள் கொடுத்துக்கொண்டிருந்தேன். நானா ஒன்றையும் பார்க்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கரையோரத்துக்கு வந்ததும் பெக்கோ நின்றது. அங்கே பற்றைக்கு நடுவே, புல் ஒன்றும் இல்லாத ஒரு மணல் மேடு. அதிலிருந்து வாவிவரைக்கும் வழவழவென்று ஒரு தடம், பாய் அகலத்தில்.

“புத்து மாதிரிக் கிடக்கு சேர்,” என்றார் நானா. “இது உங்கட சாமி விசயம். நான் இதில கை வைக்கமாட்டன்.”

அது மணல்மேடுதான் என்று விளக்கத் தொடங்கினேன். அதற்குள் பவளம் வந்துவிட்டாள். மேட்டைப் பார்த்தாள், தடத்தைப் பார்த்தாள், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கும்பிட்டாள். இவ்வளவு அகலத்துக்கு ஒரு பாம்பு ஊர்ந்திருக்கிறதென்றால் அது சாதாரணப் பாம்பு அல்ல, நாகதம்பிரானேதான் என்பது அவள் முடிவு. யாரோ தோணி இழுத்த தடம் என்பது என் முடிவு. மரக்குற்றி கடத்தியிருக்கிறார்கள் என்று நானா சொன்னார். மூன்று பேரில் ஒருவருக்கும் தடத்தின் மறுமுனைவரை போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. (சுற்றறிக்கையில் அதற்கும் ஒரு பந்தி இருந்தது.)

அன்று மாலையே பவளம் மேட்டின் பக்கத்தில் பாலும் இரண்டு கோழிமுட்டையும் வைத்து விளக்கேற்றினாள். காலையில் முட்டை இல்லை. பால்சட்டி கவிழ்ந்து கிடந்தது. அடுத்த நாளும் அப்படியே. செய்தி ஒழுங்கை முழுக்கப் பரவியது. அயலில் உள்ள பெண்கள் முட்டையோடு வரத் தொடங்கினார்கள். யாரோ கரையில் நாலு தடி நட்டு வெள்ளைத் துணி கட்டினார்கள். கரையோரப் பற்றையை வெட்ட இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்பது தெளிவாகிவிட்டது. இஸ்மாயில் நானா, மிச்சத்துக்கு ஒரு முடிவு வரட்டும் என்று, பெக்கோவை எங்கள் கிணற்றடியிலேயே நிறுத்திவிட்டுப் போனார்.

எனக்குப் புற்றில் நம்பிக்கை இல்லை. ஆனால் கால அவகாசத்தில் நம்பிக்கை உண்டு. வழிபாட்டிடம் ஒன்றைச் சூழ்ந்துள்ள பற்றையை அகற்றுவதற்குப் பொதுமக்களின் சம்மதம் வேண்டும் என்று வாதாடலாம். அதற்குக் கூட்டம் கூட்டவேண்டும். கூட்டத்துக்கு அறிவித்தல் வேண்டும். இப்படியே சித்திரைவரை இழுக்கும் அளவுக்கு என்னிடம் நடைமுறைகள் இருந்தன. பரிசோதகரை எதிர்கொள்ள நான் தயார். கரையில் நின்று பெண்களை வரிசைப்படுத்திவிடும் பொறுப்பைக்கூட ஏற்றுக்கொண்டேன். பிள்ளைகுட்டிகளோடு அந்த மேட்டிலிருந்து மூன்று முழத் தூரத்தில் நாங்கள் நின்றதை இப்போது நினைத்தாலும் முதுகு சில்லிடுகிறது.

பரிசோதகர் ஐப்பசி பிறந்து, முதல் மழை பெய்த மறுநாள் காலையில் வந்தார். இஸ்மாயில் நானாவையும் வரச்சொல்லியிருந்தேன். என் வாதத்தைப் பரிசோதகர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, மேட்டைத் தொடாமல் சுற்றியுள்ள பற்றையை மட்டும் எடுக்கலாமே என்றார். நியாயமான கேள்வி. எடுத்துக் காட்டுவதற்காக நானா பெக்கோவை மெல்லக் கரைக்கு ஓட்டி வந்து வாளியை நிலத்தில் வைத்தார். வழக்கம்போல நான் வாளிக்கு முன்னால் நின்று கையைக் காட்டத் தொடங்கினேன்.

அப்போது மேட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. தவளையும் அல்லாத கோழிக்குஞ்சும் அல்லாத ஒரு முனகல். ஒன்று, பிறகு பல. நிலமே குரல் கொடுப்பதுபோல இருந்தது. குசினிப் படியில் பால்செம்போடு நின்ற பவளம் கண்ணை மூடிக் கைகூப்பினாள்.

வாவி பிளந்தது. முதலில் தலை வந்தது, பிறகு முதுகு, அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தது. என் ஆயுளில் அவ்வளவு நீளமான முதலையை நான் கண்டதில்லை. பரிசோதகர் எப்போது பெக்கோவின் பின்புறத்தில் ஏறினார் என்பது அவருக்கே தெரியாது. நானும் ஏறினேன் என்று எழுதினால் வீரமாக இருக்கும். உண்மையில் நான் பின்வாங்கினேன், வாளியின் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் தட்டியது, உள்ளே இருந்துவிட்டேன். நானா ஒரு கம்பியை இழுத்தார். நான் மேலே போனேன்.

வீட்டுக் கூரை மட்டத்தில் வாளி நின்றது. குழந்தைகளைக் குளிப்பாட்டும் பேசின் அளவுதான் இருக்கும் அது. நான் முழங்கால் நாடியில் முட்ட, வேட்டியை ஒரு கையாலும் மூக்குக்கண்ணாடியை மறுகையாலும் பிடித்தபடி அதற்குள் மடங்கிக் கிடந்தேன். ஒரு செருப்பு கீழே விழுந்தது. நானா எஞ்சினை நிறுத்திவிட்டார்.

“நானா, என்னை இறக்குங்க,” என்றேன்.

“எங்க இறக்க சேர்? அவ அடியில நிக்கா.”

நின்றாள். என் செருப்பின் மேலாக நடந்து வந்து மேட்டில் நின்றாள். அந்தத் தடத்தைப் போட்ட வயிறு அவளுடையது. முட்டைகளைத் தின்றதும் அவளோ உடும்போ, யாருக்குத் தெரியும். இத்தனை நாளும் நீருக்குள் கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எங்களையும் எங்கள் விளக்கையும் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

எங்களை அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. முன்கால்களால் மணலை விலக்கத் தொடங்கினாள். அவ்வளவு பெரிய கால்கள், தூங்குகிற பிள்ளையின் போர்வையை விலக்குவதுபோல அவ்வளவு மெதுவாக. சத்தம் கூடியது. மணலுக்குள் சின்னச் சின்னத் தலைகள் ஆடின. அவள் வாயைத் திறந்து ஒன்றை எடுத்தாள்.

“ஐயோ, பெத்த புள்ளயத் தின்னுறாளே,” என்று பவளம் குசினிப் படியிலிருந்து சொன்னாள். செம்பு அவள் கையிலிருந்து விழுந்தது.

தின்னவில்லை. மேலே இருந்த எனக்குத்தான் அது வடிவாகத் தெரிந்தது. பற்களுக்கு நடுவே, தாடைப் பையில், சாண் நீளக் குட்டிகள் உயிரோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. வெடிக்காத ஒரு முட்டையை நாக்கில் வைத்து மெல்ல உருட்டினாள். கோது உடைந்தது, குட்டி வெளியே வந்தது. வாய் நிறைந்ததும் தடத்தின் வழியே நடந்து போய், தண்ணீரில் தலையை இறக்கி, வாயைத் திறந்தாள். குட்டிகள் நீந்திப் போயின. திரும்பி வந்தாள். மறுபடியும் எடுத்தாள். மறுபடியும் போனாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கால் மரத்துப்போனது, அது வலிப்பதாகவும் தெரியவில்லை. இஸ்மாயில் நானா கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பரிசோதகர் கையிலிருந்த அலுவலகக் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். விதி, பந்தி, உபபந்தி என்று எதையாவது எப்போதும் அசைபோடும் என் மூளை, ஞாபகம் தெரிந்த நாளிலிருந்து முதன்முறையாக, ஒன்றும் சொல்லாமல் இருந்தது. அந்தத் தாடை என் தொடையை ஈர்க்கில் மாதிரி முறித்துவிடும். அதே தாடைக்குள்தான் அந்தக் குட்டிகள் தொட்டிலில் போலக் கிடந்தன.

கடைசிக் குட்டியும் போனபின் அவளும் வாவிக்குள் இறங்கினாள். கரையோரப் பன்புல்லுக்குள் குட்டிகளின் சத்தம் மட்டும் கேட்டது. நானா எஞ்சினைத் தொடக்கி என்னை இறக்கினார். நான் வாளியிலிருந்து எழும்ப முடியாமல் கிடக்க, நானாவும் பரிசோதகரும் ஆளுக்கொரு கை பிடித்து, கிழங்கு பிடுங்குவதுபோலப் பிடுங்கி எடுத்தார்கள்.

பரிசோதகர் கோப்பைத் திறந்தார். பற்றை இன்னும் இருக்கிறது, இரண்டு கிழமை முடிந்துவிட்டது, தன்னால் வேறு ஒன்றும் செய்யமுடியாது என்றார். குரலில் மன்னிப்புக் கேட்கும் தொனி.

நான் கரையைப் பார்த்தேன். அந்தப் பற்றையும் பன்புல்லும் போனால் பருந்துக்கும் கொக்குக்கும் குட்டிகளைத் தட்டில் வைத்துக் கொடுத்ததாகிவிடும்.

“வழக்குப் போடுங்க தம்பி,” என்றேன். “நான் கூண்டில வந்து நிக்கிறன். குற்றத்தை ஒத்துக்கொள்ளுறன். பத்தையில கை வைக்கமாட்டன்.”

பவளம் என்னைப் பார்த்த பார்வையை அதற்கு முன் அவள் அந்த மேட்டுக்குத்தான் வைத்திருந்தாள்.

பரிசோதகர் யோசித்தார். இப்படிப்பட்ட பிராணிகளுக்குப் பொறுப்பான திணைக்களத்துக்கு எழுதி, இடத்தைக் கலைக்கக்கூடாது என்று ஒரு கடிதம் வாங்கினால், அதைக் கோப்பில் வைத்து வழக்கை விடலாம் என்றார். “பதில் வரும்வரைக்கும் கோப்பு என்ட மேசையில கிடக்கட்டும் சேர்.” அன்றைக்கே எழுதினேன். (எந்தத் திணைக்களம் என்று சொல்லமாட்டேன். நான் ஓய்வூதியம் வாங்குகிறவன்.)

இஸ்மாயில் நானா இப்போது ஏறாவூர் முழுக்க இந்தக் கதையைச் சொல்லித் திரிகிறார். அவர் கதையில் முதலை ஒவ்வொரு முறையும் ஒரு முழம் வளர்கிறது. என் வேட்டி ஒரு முழம் குறைகிறது. கனடாவில் இருக்கும் மகள் தொலைபேசி எடுத்தால், “அப்பா வாளியால இறங்கிட்டாரா?” என்றுதான் தாயிடம் முதலில் கேட்கிறாள். நான் எதற்காவது விதியை எடுத்து ஓதத் தொடங்கினால் பவளம் ஒரு கையை மெல்ல மேலே உயர்த்திக் காட்டுகிறாள், பெக்கோவின் கைபோல. நான் அடங்கிவிடுகிறேன். வெள்ளிக்கிழமைகளில் அவள் கரையில் விளக்கு வைப்பதை நிறுத்தவில்லை. யாருக்கு என்று நான் கேட்பதுமில்லை.

குட்டிகள் மார்கழி வெள்ளம்வரை பன்புல்லுக்குள் கிடந்தன. பிறகு தாயோடு எங்கோ போய்விட்டன. நான் நாள்தோறும் தபால்காரரின் மணிக்காகக் காத்திருந்தேன். கூண்டு இன்னும் கண்ணுக்குள் நின்றது. கடைசியில் பதில் வந்தது, இரண்டே வரி. குறிப்பிட்ட இடத்தை மறு அறிவித்தல் வரும்வரை எவ்வகையிலும் துப்புரவாக்கக் கூடாது. பரிசோதகர் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு கோப்பை மூடினார். மறு அறிவித்தல் இன்னும் வரவில்லை. நானும் நினைவூட்டல் அனுப்பவில்லை, வாழ்நாளில் முதன்முறையாக. அந்தக் கடிதம் ஐப்பசியிலேயே கையொப்பமாகியிருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது தையில், பட்டிப்பொங்கலன்று.