ரெய்டு அண்ணன் வந்த நாள்

கம்ப்யூட்டரைத் திட்டாமல் ரிப்பேர் பார்க்கும் ஒரே மனிதர் இந்தப் பூமியில் ரெய்டு அண்ணன்தான். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "ஏனுங்க சாமி, எங்க நோவுதுங்க?" என்று சர்வரையே விசாரிப்பார். அதுவும் சொல்லிவிடும் என்றுதான் நான் நம்புகிறேன்.

பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டி, ஒன்று செத்தாலும் மற்றவை தாங்கும்படி செய்வதற்கு ரெய்டு என்று பெயர். போகிற இடமெல்லாம் அதைப் போடச் சொல்லி மன்றாடியதில் அவருக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

குமாரபாளையத்தில் நான் டிசைன் போடும் பெட்ஷீட் கம்பெனியில், ஒரு வருஷம் ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து யாருக்கும் பிரிண்ட் வரவில்லை. அண்ணன் வந்து பார்த்தால், மேனேஜர் பிரிண்டருக்குச் சந்தனம் வைத்த கையோடு கம்ப்யூட்டரில் அதன் பெயரையும் 'சரஸ்வதி' என்று மாற்றியிருந்தார்.

"சொல்லாம பேர மாத்துனா, மத்தவங்க பழைய ஊட்டுக் கதவையே தட்டிட்டு நிப்பாங்களே!" என்று அண்ணன் சிரித்தார். ஆனாலும் சாமி பேரை எடுக்க மனமில்லாமல், எல்லாக் கம்ப்யூட்டருக்கும் புதுப் பெயரைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அதெல்லாம் சும்மா. போன ஆடியில் எங்கள் சர்வரில் ஒரு டிஸ்க் செத்தது. அண்ணன் புதுசு மாட்டி, மற்றவற்றிலிருந்து விவரங்கள் அதில் ஏறிக்கொண்டிருந்தன. மத்தியானம் வெளியூர் வியாபாரிக்குக் காட்ட வேண்டிய என் டிசைன்கள் மொத்தமும் அந்தச் சர்வருக்குள்தான். வேறு நகல் கிடையாது. அந்த நேரம் பார்த்து அண்ணன் வாசலில் நின்று போனில் யாரிடமோ கத்தினார்: "ஆமாங்க, கம்பெனில ரெய்டு ஓடிட்டிருக்குதுங்க! யாரும் எதையும் தொடக்கூடாது!"

மேனேஜர் காதுக்கு அது போதும். சர்வர் வயரைப் பிடுங்கினார், கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினார். தறி செட்டுப் பக்கம் போய்ப் பிடித்தேன்.

"நம்மகிட்ட ஒளிக்க என்னங்க இருக்குது?"

"ஒண்ணுமில்ல கண்ணு. ரெய்டுன்னா ஓடோணும்னு காலுக்குத் தோணிப்போச்சு!"

திரும்ப மாட்டினால், கோப்புகள் சிதைந்திருப்பதாகத் திரை சொன்னது. அண்ணன் அவற்றைச் சரிபார்க்கும் வேலையை முடுக்கிவிட்டு, "பயந்துட்டீங்களா சாமி? மெதுவா எந்திரிங்க" என்று சர்வரைத் தடவிக்கொடுத்தார்.

மேனேஜர் அழாத குறை. "என்னையத் திட்டிருங்க."

"எதுக்குங்க? ஒருத்தர் உழுந்தா மத்தவங்க தாங்கோணும். அதுக்குப் பேருதானுங்க ரெய்டு!"

மத்தியானம் வந்த வியாபாரி காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் டிசைன்கள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. சரஸ்வதி அச்சடித்துத் தள்ளினாள்.

போன வாரம் மேனேஜர் என்னிடம் வந்தார். "அண்ணன ஒருக்கா வரச் சொல்லு கண்ணு."

"சர்வர் நல்லாத்தானுங்களே ஓடுது?"

"ஓடட்டும். சும்மா வந்துட்டுப் போகட்டும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் அண்ணனுக்குப் போன் போட, எதிர்முனையில் மணி அடிக்கத் தொடங்கியிருந்தது.