விபத்தே நடக்காத சைக்கிள் பாதை

அமெரிக்காவின் மினசோட்டாவில் ஏரிக்கரையோரம் இருக்கும் எல்ம்ஃபோர்டு நகரசபைக்குத் தன் குடிமக்களின் உடம்பைப் பற்றித் தீராத கவலை. முதல் பனி விழுந்ததும் அந்தக் கவலை சுவரொட்டியாக மாறி ஊரெங்கும் ஒட்டப்படும். ‘குளிர்காலத்திலும் சைக்கிள் மிதிப்பீர்! பாதுகாப்பாய் மிதிப்பீர்! கட்டுடலோடு வாழ்வீர்!’ ஒட்டுகிறவர் காரில் வந்து ஒட்டிவிட்டுப் போவார்.

ஊரில் அதை நம்பியவள் ஒருத்திதான். பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் உட்காரும் வெர்னா ஹாக்லண்ட். அவளுக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. “தினம் சைக்கிள் மிதி. நிறுத்தினா அப்புறம் ஊசிதான்” என்று வைத்தியர் கறாராகச் சொல்லிவிட்டார். ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே வெர்னாவுக்கு மயக்கம் வரும். ஆகவே பனியில் வழுக்காதிருக்க ஆணி பதித்த டயர் மாட்டினாள், முன்னும் பின்னும் விளக்கு கட்டினாள், வெங்காயம் போல் அடுக்கடுக்காக உடுத்திக்கொண்டு கிளம்பினாள்.

பாதையைக் காணோம். பனி தள்ளும் வண்டி கார் ரோட்டை வழித்துத் துடைத்துவிட்டு, வழித்ததையெல்லாம் பக்கத்துச் சைக்கிள் பாதையில் ஆள் உயரத்துக்குக் குவித்திருந்தது. ரோட்டிலோ மரம் ஏற்றிய லாரிகள். வெர்னா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நகரசபைக்குப் போனாள்.

குளிர்காலச் சைக்கிள் பாதுகாப்பு மற்றும் உடல்நலத் துறைத் தலைமை அலுவலர் திருவாளர் டால்டன் ப்ருசாக் அவளை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். அந்த ஊரில் காபி கொடுத்தால் வேலை நடக்காது என்று அர்த்தம்.

“சைக்கிள் பாதையில பனியைக் கொட்டி வெச்சிருக்காங்க சார்.”

“வேற எங்கம்மா கொட்டறது? ரோட்டுல கொட்டினா கார் எப்படிப் போகும்?”

“அப்ப நான் எப்படிப் போறது?”

“ஜனங்க உபயோகிச்சா உடனே வழிச்சுக் குடுப்போம். நேத்து நானே கார்ல போய்ப் பார்த்தேன். ஈ காக்கா இல்லை.”

“பனிக்குள்ள புதைஞ்சு கெடந்தா யார் சார் வருவா?”

“அதையேதான் நானும் சொல்றேன். யாருமே வராத பாதையை எதுக்கும்மா வழிக்கணும்?”

வெர்னா காபியைக் குடித்து முடித்தாள். வேறு என்ன செய்வது?

ஊரில் அந்த வருஷம் சைக்கிள் மோகம் வேறு தலைக்கேறியிருந்தது. டிராக்டர் டயர் போல் பருத்த டயர் வைத்த சைக்கிளைக் கார் தலையில் கட்டிக்கொண்டு போகாதவர் மனுஷரே இல்லை.

“ஏண்டி ஆர்லீன், இதை எங்கேடி ஓட்டறே?” என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டாள் வெர்னா.

“ஓட்டறதா? இந்தக் குளிர்லயா? உனக்கென்ன பைத்தியமா?” என்றாள் ஆர்லீன். “கார் மேல எவ்வளவு எடுப்பா இருக்கு பாரு. டயர்ல சேறு பட்டா போச்சு.”

பிப்ரவரியில் மாநிலத் தலைநகரிலிருந்து செய்தி வந்தது. இந்தக் குளிர்காலத்தில் இதுவரை ஒரு விபத்துகூட நடக்காத சைக்கிள் பாதை என்று எல்ம்ஃபோர்டுக்கு விருது! ஊரே கைதட்டியது. ‘எமது இடையறாத விழிப்புணர்வின் விளைவு’ என்று ப்ருசாக் அறிக்கை விட்டார்.

வெர்னாவுக்கோ சர்க்கரை இன்னும் ஏறியிருந்தது. மண்வெட்டியை எடுத்தாள். தன் வீட்டிலிருந்து கிளினிக் வரை முக்கி முனகி ஒற்றை ஆளாக வழி வெட்டினாள். வெட்டிய கையோடு சைக்கிளில் ஏறினாள். அடியில் இறுகிக் கிடந்த ஐஸ் சும்மா இருக்குமா? ஆணி டயரே வழுக்கிவிட்டது. மணிக்கட்டு முறிந்தது.

மருத்துவமனைக்கு ப்ருசாக் பூங்கொத்தோடு ஓடிவந்தார். கையிலிருந்த பூவைவிட முகத்தில் பதற்றம் அதிகம்.

“எங்கம்மா விழுந்தே?”

“சைக்கிள் பாதையில.”

“சரியா யோசிச்சுச் சொல்லு.”

“சைக்கிள் பாதையிலதான் சார்!”

“அது ஏப்ரல்லேருந்து அக்டோபர் வரைக்கும்தான் சைக்கிள் பாதை. இப்ப அது பனிக் கிடங்கு. அனுமதி இல்லாம அரசாங்கக் கிடங்குக்குள்ள பூந்து பனியைக் கலைச்சிருக்கே. பெரிய குத்தம். போனாப் போகுதுன்னு விடறோம்.”

விருது பிழைத்தது.

கட்டுப்போட்ட கையோடு வீடு வந்த வெர்னாவைப் பார்க்க ஆர்லீன் உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட பண்டத்தோடு வந்தாள்.

“அப்பவே சொன்னேன் கேட்டியா? குளிர்ல சைக்கிள் ஓட்டறது ஆபத்து. எங்கூட ஜிம்முக்கு வா. அங்க சைக்கிள் நகராது, நீயும் விழமாட்டே. ஊர்ல அத்தனை பேரும் அங்கதான் மிதிக்கறாங்க.”

ஊசியா ஜிம்மா என்று வந்தபின் வெர்னா என்ன செய்வாள்? எலும்பு கூடியதும் பழைய கார் ஒன்று வாங்கினாள். ஜிம்முக்குப் போனாள். நடக்கவேண்டியிருக்குமே என்று வாசலுக்குப் பக்கத்தில் இடம் தேடிச் சுற்றினாள், இன்னொரு தரம் சுற்றினாள். எல்லா இடத்திலும் தலையில் சைக்கிள் கட்டிய கார்கள். வாசலை ஒட்டிய அருமையான இடம் மட்டும் காலி. அங்கே சைக்கிள் நிறுத்தும் கம்பிகள் வெறுமனே நின்றன.

“ஒரு நாதியும் வராத சைக்கிளுக்கு இவ்வளவு எடமா?” என்று வெர்னா பல்லைக் கடித்தாள். காருக்குள் உட்கார்ந்தபடியே நகரசபைக்குப் போன் போட்டாள்.

சாயங்காலத்துக்குள் ஆட்கள் வந்து கம்பிகளைப் பிடுங்கிவிட்டார்கள். எல்ம்ஃபோர்டு நகரசபை, குடிமகள் ஒருத்தி கேட்டதை அன்றைக்கே செய்துகொடுத்தது அதுதான் முதல் தடவை.