மூக்கர் வாய் திறக்காத மாலை

ஜெர்மனியின் ஆஹென் நகரத்தில் மனிதரின் முகத்தைப் பார்க்காமல் மூக்கை மட்டும் பார்த்துப் பேசிய ஒரே தமிழர் எங்கள் மூக்கர்தான். மதுரைப் பக்கத்துப் பிள்ளை. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் மூச்சுக்குழாயின் உள்தோல் செல்களைத் தட்டில் வளர்ப்பது அவர் வேலை. எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்தார். மூக்கர் என்று பட்டம் சூட்டியது என் மனைவி.

சளி கெட்டிப்படும் ஒரு பிறவி நோய் பற்றித்தான் ஆராய்ச்சி. ஒத்துப்பார்க்க அந்த நோயில்லாதவர்களின் செல்லும் வேண்டுமாம். கோயில் திருவிழாவில் அன்னதான வரிசையில் நின்று ஆள் பிடித்தார்.

"அக்கா, உங்க மூக்கு ரொம்ப ஹெல்தியா இருக்கு. ஆஸ்பத்திரிக்கு வாங்க, சின்ன பிரஷால மூக்குக்குள்ள ஒரு தடவுதான்."

"சாம்பாறை உம்மட தலையில ஊத்தட்டே?" என்றார் கரண்டி பிடித்திருந்த அக்கா.

பிறந்தநாள் விழாவில் யாராவது இருமினால் போதும், "சளி கெட்டியா, தண்ணியா?" என்று ஓடுவார். அதற்குப் பிறகு கேக்கை யார் தொடுவது?

எனக்கு மட்டும் சிரிக்க முடிந்ததில்லை. என் மகள் மதுவுக்குப் பிறந்ததிலிருந்தே அந்தக் கெட்டிச் சளிதான். காலையில் உப்புநீர் ஆவி பிடித்து, நான் முதுகில் தட்டி, கொஞ்சமாவது வெளியே வந்த பிறகுதான் தொழிற்பயிற்சிக்குப் போவாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். டாக்டர்கள் சொன்னதைக் கேட்டுப் பயப்படத்தான் தெரியும். மூக்கர் சொன்னது விளங்கியது.

"அண்ணே, அந்த செல்லுல ஒரு கதவு இருக்கு. அது வழியா குளோரைடு வெளிய போவும், பின்னாலயே சோடியம் போவும். உப்பு போற இடத்துக்குத் தண்ணி போவும், சளி இளகும். மதுவுக்கு அந்தக் கதவு தொறக்கல. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானோ? அந்த அவ்வளவுக்குத்தான் தம்பி, இத்தனை வருசமா நான் நித்திரை கொள்ளேல்ல."

கதவைத் திறக்கும் மாத்திரை வந்திருந்தது. ஆனால் மதுவின் மரபணுப் பிழை அரிதானது. அவளுக்குக் கேட்குமா என்று யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் அவள் மூக்கிலிருந்து செல் எடுத்து மூக்கரின் கூடத்துக்கு அனுப்பினார்கள். அது தட்டில் வளர வாரக்கணக்காகும். "பிள்ளைங்களுக்குப் பசிக்கும்" என்று ஞாயிற்றுக்கிழமைகூட அந்தச் செல்களுக்குத் தீனி மாற்ற ஓடினார். வளர்ந்த பிறகு மருந்தை அதில் விட்டு, குளோரைடு நகரும்போது உண்டாகும் மின்னோட்டத்தை அளப்பார்களாம். திரையில் கோடு ஏறினால் கதவு திறந்தது என்று அர்த்தம். படுத்தே கிடந்தால், இல்லை.

அளந்த அன்று மாலை மனைவி அவரைப் படியில் மறித்துத் தேத்தண்ணிக்குக் கூட்டிவந்தாள்.

"என்ன தம்பி, கோடு ஏறினதோ?"

"நான் சொல்லக்கூடாதுண்ணே. டாக்டர்தான் சொல்லணும்."

பிறகு ஒரு சொல் இல்லை. குடித்தார், சுவரைப் பார்த்தார். மனைவி இரண்டு தரம் தும்மினாள், மனிதர் திரும்பவேயில்லை. இவர் வாயே அடைத்துப்போயிற்றென்றால் பிள்ளைக்கு வழியில்லை என்றுதானே அர்த்தம்?

"அப்பா, ஆஸ்பத்திரியில டாக்டரைப் பாக்கிற டெர்மின் நாள் வரைக்கும் பொறுங்கோவன்" என்றாள் மது. பொறுமைக்கும் எனக்கும் எந்தக் காலத்தில் ஒத்துப்போனது?

டெர்மின் அன்று டாக்டரம்மா சொன்னார்: கோடு நன்றாக ஏறியிருக்கிறது, மாத்திரையைத் தொடங்கலாம். மது என் தோளில் சாய்ந்து அழுதாள். வீட்டுக்கு வந்ததும் நான் நேரே மேல்மாடிக்கு ஏறினேன்.

"ஏன் காணும், அண்டைக்கு மரக்கட்டை மாதிரி இருந்தனீர்? நான் செத்துப் பிழைச்சனான்!"

மூக்கருக்குக் கண் கலங்கியிருந்தது. "வாயைத் தொறந்திருந்தா சந்தோசத்துல கத்தியிருப்பேண்ணே."

என் பிள்ளைக்காக எத்தனையோ பேர் எவ்வளவோ செய்திருக்கிறார்கள். அந்த வாயை ஒரு மாலை முழுக்க மூடி வைத்திருக்க மூக்கர் பட்ட பாட்டை வேறு யாரும் பட்டதில்லை.